ஆவிக்கு சார்ஜர் எதற்கு?

அன்று சாயங்காலம் அந்த ஷெட்டுக்குள் இருந்தவர்கள்:

மேடம். துப்பறிவது தொழில். அதற்கு முன் மோட்டார் இன்சூரன்ஸில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்.

ஊசி. மேடத்தின் உதவியாள். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும். இரண்டுக்கும் சேர்த்து வைத்த பெயர்.

அண்ணி. செத்துப்போனவனின் மனைவி. மேடத்தைக் கூப்பிட்டது அவள்தான்.

தம்பிக்காரன். செத்துப்போனவனின் தம்பி. செருப்புக் கடையில் வேலை.

எலக்ட்ரீஷியன். அந்த மோட்டார் சைக்கிளுக்கு அலாரம் மாட்டிக் கொடுத்தவர்.

மோட்டார் சைக்கிள். முன்சக்கரம் எட்டுப் போட்டிருந்தது.

இன்னொருவனும் உள்ளே இருப்பதாகத் தெருவில் பேச்சு. அவனைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் மேடம் வந்திருந்தார்.

நடந்தது சின்ன விஷயம்தான், ஒரு ஆள் செத்ததைத் தவிர. வேலை முடிந்து திரும்புகிறவன் மெயின் ரோட்டைக் குறுக்கே கடந்து தன் தெருவுக்குள் திரும்ப வேண்டும். பாதி கடந்தபோது வண்டி நின்றுவிட்டது. பஸ் நிற்கவில்லை. வண்டி பழுதாகி நடுரோட்டில் நின்றதால் விபத்து என்று போலீஸ் எழுதி மூடிவிட்டது. பிறகு வண்டியை வீட்டுக்கு அனுப்பினார்கள். சின்ன வேன் ஒன்றில் படுக்கவைத்துக் கொண்டுவந்து, பின்பக்க ஷெட்டில் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே ஆரம்பித்தது. அவன் வீடு திரும்பும் நேரத்துக்கு, பூட்டிய ஷெட்டுக்குள் வண்டி ஒரு முறை கத்தும். ஒரே முறை. உடையாமல் மிஞ்சிய ஒற்றை இண்டிகேட்டர் கதவிடுக்கில் மஞ்சளாகச் சிமிட்டும். அதற்குப் பிறகு சத்தமே இருக்காது. எதிர்வீட்டுக்காரர் அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்தப் பழகிவிட்டார். பக்கத்துவீட்டு நாய் மட்டும் கதவருகே வந்து வாலை ஆட்டிவிட்டுப் போகும். செத்தவன் அதற்கு எலும்பு போடுவானாம். தெருவுக்கு அந்த நாய் போதுமான சாட்சியாக இருந்தது.

தம்பிக்காரன் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய இரும்புக்காரரிடம் பேசி முடித்துவிட்டான். இருட்டுவதற்குள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஷெட் சாவி அண்ணியிடம் இருந்தது. மேடம் ஒரு முறை பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பேன் என்று அவள் சொல்லியிருந்தாள். எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. வண்டி ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். சொன்னபோது மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா இன்சூரன்ஸ்ல இருந்தப்ப செத்தவங்களைத்தான் முதல்ல சந்தேகப்படுவாங்க," என்று ஊசி எலக்ட்ரீஷியனிடம் அறிமுகம் செய்துவைத்தான். "இப்ப திருந்திட்டாங்க. உயிரோட இருக்கறவங்களை மட்டும்தான்."

எலக்ட்ரீஷியன் சிரிக்கும் நிலையில் இல்லை. விபத்துக்குப் பிறகு அவர் ஒரு அலாரம்கூட மாட்டவில்லை. ஹாரன், ஹெட்லைட் என்று காலம் தள்ளுகிறார். தன் ஜாயிண்ட் ஏதோ ஒன்று விட்டுப்போய்த்தான் அந்த ஆள் செத்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டதும் வந்திருந்தார்.

அலாரம் என்ன செய்யும் என்று மேடம் அவரைச் சொல்லச் சொன்னார். அவர் சீட்டைத் தொடாமல், தள்ளி நின்றே சொன்னார். சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி. ரிமோட்டில் பூட்டுப் பட்டனை அழுத்தினால் இரண்டு காரியம் நடக்கும். யாராவது வண்டியை அசைத்தால் கத்தத் தயாராகும். அதோடு, எஞ்சினுக்கு உயிர் கொடுக்கும் ஒயரை நடுவில் துண்டித்துவிடும். அதன் பிறகு சாவி போட்டாலும் உதைத்தாலும் வண்டி கிளம்பாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் என்று மேடம் கேட்டார்.

அதற்குத்தான் ஆரஞ்சு ஒயர் என்றார் அவர். சாவி போட்டிருக்கிறது என்று பெட்டிக்குத் தகவல் சொல்லும் ஒயர் அது. அந்தத் தகவல் இருக்கும்வரை பெட்டி பூட்டாது. ஒரு முறை கத்திவிட்டுச் சும்மா இருக்கும். ஆரஞ்சு ஒயரைக் கொடுக்காமல் அலாரம் மாட்டுவது, தூங்குகிறவன் கழுத்துக்கு மேலே கத்தியைத் தொங்கவிடுகிற மாதிரி. அவர் ஈயம் உருக்கி, சாலிடர் வைத்துத்தான் கொடுத்திருந்தார். எந்த வண்டிக்கும் அப்படித்தான்.

"இந்தத் தெருவுல வண்டி திருடு போயிருக்கா?" என்று மேடம் தம்பிக்காரனிடம் கேட்டார்.

அவனுக்குத் தெரிந்து இல்லை. அண்ணன் ஜாக்கிரதையான ஆள் என்றான். தனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, பெட்ரோல் ஊற்றும் மூடி எது என்பது மட்டும் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டான். யாரும் அதைக் கேட்கவில்லை.

மேடம் எலக்ட்ரீஷியனிடம் திரும்பினார். மாட்டச் சொல்லி வந்த அன்று அந்த ஆள் என்ன கேட்டான்?

எலக்ட்ரீஷியன் யோசித்தார். எல்லோரும் எவ்வளவு சத்தம் வரும் என்று கேட்பார்கள். இவன் சத்தத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரே ஒரு கேள்விதான். "கையில ஒரிஜினல் சாவி இருந்தாலும் கிளம்பாதுல்ல? அதை மட்டும் சொல்லுங்க, போதும்னாரு."

ஊசி மெதுவாகத் தலையை ஆட்டினான். "தெருத் திருடன் கையில ஒரிஜினல் சாவி இருக்காது. ஆணியில தொங்கற சாவியை எடுக்கறவன் வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்கறவன்தான்."

தம்பிக்காரன் வாசலைப் பார்த்தான். இரும்புக்காரர் இன்னும் வரவில்லை. வெளியே வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. ஷெட்டில் ஒரு பல்பு. அது வண்டியின் நிழலைச் சுவரில் பெரிதாக்கி, வளைந்த ஹேண்டிலை யாரோ தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது போல் ஆக்கியிருந்தது. யாரும் அந்தச் சுவர்ப் பக்கம் நிற்கவில்லை. ஊசிகூட.

மேடம் வண்டியின் சாவியைக் கேட்டு வாங்கினார். போட்டுத் திருப்பினார். உடைந்த மீட்டருக்குள் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அலாரம் மாட்டிய வண்டி சும்மா நின்றாலே பாட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டி இது. இந்நேரம் அந்த விளக்கு செத்துக் கிடக்க வேண்டும். ஊசிக்குக் கண்ணால் சொன்னார். அவன் சுவரோரம் சாய்த்திருந்த பழைய கதவுப் பலகைக்குப் பின்னால் கையை விட்டான். எடுத்தபோது கையில் ஒரு பாட்டரி சார்ஜர் இருந்தது. அதன் உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

"ஆவிக்கு சார்ஜர் எதுக்குக்கா?" என்றான்.

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அண்ணி மட்டும் தரையைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவள் வலது கையை மூடியே வைத்திருந்ததை மேடம் கவனித்திருந்தார். இப்போது அவளாகவே திறந்தாள். உள்ளே ரிமோட் இருந்தது. உள்ளங்கையில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது.

"நான்தான் சார்ஜ் போடறேன். நான்தான் அழுத்தறேன்," என்றாள்.

வீடு மூலையிலிருந்து இரண்டாவது. மாடி பால்கனியில் நின்றால் மெயின் ரோடு தெரியும். எதிர்ப்புறம் அவன் வந்து, குறுக்கே திரும்ப வண்டிகள் ஓயக் காத்திருப்பான். அவள் ரிமோட்டை அழுத்துவாள். வண்டி ஒரு முறை கத்தும். அவன் ஹெல்மெட்டைத் தூக்கி மேலே பார்ப்பான். அவ்வளவுதான். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அலாரம் வந்த பிறகு அந்த வீட்டில் சண்டைதான் அதிகம். அதனால் வந்த நல்லது இது ஒன்றுதான்.

அன்றும் அழுத்தினாள். அன்று அவன் ரோட்டில் இறங்கிவிட்டிருந்தான். வண்டி ஒரு முறை கத்தியது. பிறகு நின்றது.

"பஸ் வர்றதைப் பாத்தேன். திரும்பத் திரும்ப அதையேதான் அழுத்தினேன். பூட்டைத் திறக்கற பட்டன் பக்கத்துலயே இருந்துச்சு. அது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

அவள் அழவில்லை. அழுவதற்கான இடத்தை எப்போதோ தாண்டி வந்துவிட்ட குரல் அது.

தினமும் எதற்கு அழுத்துகிறாள் என்று மேடம் கேட்டார். அந்த நேரம் வந்தால் விரல் சும்மா இருப்பதில்லை என்றாள். அழுத்தாமல் ஒரு நாள் இருந்து பார்த்தாளாம். அன்று தூங்கவே முடியவில்லை. கீழே அவன் காத்துக்கொண்டு நிற்பது போலவே இருந்ததாம்.

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நானா சொன்னா, அழுது அழுது இவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சும்பாங்க. நீங்க கண்டுபிடிச்சுச் சொன்னா அது உண்மை ஆயிடும். யாராவது ஒருத்தர் என்னைப் பாத்து, நீதான் கொன்னேன்னு சொல்லணும். அதுக்கப்புறம் நான் என்ன பண்ணணுமோ பண்ணிக்கறேன்."

ஊசி சார்ஜரைச் சத்தம் வராமல் கீழே வைத்தான்.

எலக்ட்ரீஷியன்தான் முதலில் பேசினார். அது நடக்காத காரியம் என்றார். ஆரஞ்சு ஒயர் இருக்கும்போது ஓடுகிற வண்டியை ரிமோட்டால் நிறுத்தவே முடியாது. சொல்லிக்கொண்டே சீட்டைக் கழற்றினார். இவ்வளவு நேரம் தொடப் பயந்த கைகள் இப்போது அவசரப்பட்டன. ஒயர்க் கட்டைப் பிரித்து டார்ச் அடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ஆரஞ்சு ஒயர் எதிலும் சேரவில்லை. தனியாக நின்றது. நுனியைத் தன் மேலேயே மடக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் கடைசி வால் ஒட்டாமல், ஒரு சின்னக் காது மாதிரி மடித்து விடப்பட்டிருந்தது.

"இது என் வேலை இல்ல, மேடம்."

"சுவர் விழுந்தா எல்லா மேஸ்திரியும் இதையேதான் சொல்வாங்க," என்றான் ஊசி. பழக்க தோஷம். குரலில் சுரத்து இல்லை.

மேடம் அந்தக் காதைப் பிடித்து இழுத்தார். டேப் சுலபமாகப் பிரிந்து வந்தது. நுனியில் ஈயம் பளபளத்தது. சாலிடர் வைத்த ஒயர்தான். அறுந்த நுனி பிசிறாக இருக்கும். இது சுத்தமாக இருந்தது. யாரோ சூடு காட்டிப் பிரித்திருக்கிறார்கள். பஸ் மோதினால் ஒயர் அறுந்துபோகும். பஸ் டேப் சுற்றாது.

அண்ணி ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். மேடம் அவளிடம் எதையும் விளக்கவில்லை. தெருமுனையில் பழைய இரும்புக்காரரின் வேன் ஹாரன் அடித்தது.

தம்பிக்காரன் மூச்சு விட்டான். பேசி முடித்த ஆளைக் காக்கவைக்கக் கூடாது, எடுத்துக்கொண்டு போகட்டும் என்றான். மேடம் உடனே ஒத்துக்கொண்டார். எலக்ட்ரீஷியனை வெளியே போய் வேன்காரரிடம் பேசிக்கொண்டிருக்கச் சொன்னார். பாட்டரியை மட்டும் கழற்றிவிட வேண்டும் என்றார். எலக்ட்ரீஷியனுக்குக் கை நடுங்குகிறது, தம்பியே கழற்றிக் கொடுத்தால் நல்லது, ஒன்றுமில்லை, இரண்டு ஸ்க்ரூதான். பொறி பறந்து பெட்ரோலில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எலக்ட்ரீஷியனின் பை அங்கேயே திறந்து கிடந்தது. தம்பிக்காரன் குனிந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

பாட்டரியின் சிவப்பு முனை முன்னால், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. கறுப்பு முனை பின்னால், டூல் பாக்ஸுக்கு அடியில் ஒளிந்திருந்தது. அவன் வேகமாகவே செய்தான். வேன்காரரின் குரல் நெருங்கிக்கொண்டிருந்தது. சிவப்பைத் தாண்டிக் கையை விட்டு, மணிக்கட்டைத் திருகி, கறுப்பை முதலில் கழற்றினான். பிறகு சிவப்பு. சிவப்பு ஒயரின் நுனியைப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, பையிலிருந்து டேப்பை எடுத்துச் சுற்றினான். பல்லால் கடித்து அறுத்தான். கடைசி வாலைக் கட்டைவிரலால் மடித்து விட்டான்.

மேடம் குனிந்து அந்த நுனியைப் பார்த்தார்.

"பெட்ரோல் மூடி மட்டும்தான் தெரியும்னீங்க," என்றார் மேடம்.

அவன் நிமிர்ந்தான்.

"வண்டியைப் பத்தித் தெரியாதவன் முன்னால இருக்கறதைத்தான் முதல்ல கழட்டுவான். சிவப்பை முதல்ல கழட்டினா ஸ்க்ரூடிரைவர் பாடியில பட்டுப் பொறி பறக்கும்னு தெரிஞ்சவன்தான் கையை ஒடிச்சுக்கிட்டுக் கறுப்புக்குப் போவான். அதை விடுங்க. எங்கயோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதா இருக்கலாம். டேப்பைப் பாருங்க."

அவன் பார்த்தான். சிவப்பு ஒயரின் நுனியில் சின்னக் காது.

ஒயர் வேலை செய்கிறவர் டேப்பைக் கடைசி வரை அழுத்தி ஒட்டுவார் என்றார் மேடம். வால் விட்டால் எஞ்சின் சூட்டில் பிரிந்துவிடும். காது மடிப்பவன் வேறு ஆள். அட்டைப் பெட்டி கட்டுகிறவன். வீட்டுக்குப் போய்ப் பிரிக்கிறவரின் நகம் உடையக் கூடாதே என்று, நாள் முழுக்கக் கடையில் நின்று மடித்து மடித்து, யோசிக்காமலேயே கட்டைவிரல் அந்த வேலையைச் செய்துவிடும்.

"நான் போன மாசம் செருப்பு வாங்கினேன். பெட்டியில இதே காதுதான்," என்றான் ஊசி. "செருப்பு கடிச்சுது. காதைக் குறை சொல்ல முடியாது."

தம்பிக்காரன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டான். மறுக்கப் போகிறான் என்றுதான் ஊசி நினைத்தான். அவன் மறுக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்தான். சுவரில் இருந்த நிழலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

"வீட்டுக்குள்ளயே என்னைத் திருடனாக்கினான்," என்றான். "தம்பி வண்டியைத் தொடக் கூடாதுன்னு மணி கட்டினான். நான் கை வெச்சா தெருவே திரும்பிப் பாக்கும். ஒரு நாள் எடுத்துட்டுப் போய் மோதிட்டேன், ஒத்துக்கறேன். அதுக்காகவா?"

பிறகு நடந்ததைச் சொன்னான். அலாரத்தை ஏமாற்றத்தான் முதலில் ஒயர்களைப் பற்றிப் படித்தான். போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அதற்காகப் பெட்டியைத் திறந்தபோதுதான் ஆரஞ்சு ஒயர் எதற்கென்று புரிந்தது. அண்ணன் தன் பூட்டாலேயே தெருவில் நின்று அவமானப்படட்டும், வெறுத்துப்போய் அலாரத்தைக் கழற்றி எறியட்டும் என்று நினைத்தான். மறுநாள் பழையபடி ஒட்டிவிடுவதாகத்தான் இருந்தான். அதற்குத்தான் மடக்கி மட்டும் வைத்தான். அதற்குள் வண்டி போலீஸுக்குப் போய்விட்டது. திரும்பி வந்தபோது ஷெட் சாவி அண்ணியிடம் போய்விட்டது.

"சாகணும்னு நெனைக்கல, மேடம். நிக்கணும்னுதான் நெனைச்சேன்."

மேடம் அண்ணியிடம் திரும்பினார். நடந்தது இதுதான் என்றார். அழுத்தியது அவள் விரல்தான், அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் அவள் தினமும் அழுத்தியதைத்தான் அன்றும் அழுத்தினாள். அழுத்தினால் நிற்கும்படி செய்து வைத்தது அவள் இல்லை.

அண்ணி அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. கொழுந்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாக இருட்டில் தேடிய ஒரு பொருளில் கால் இடறிய முகம்.

"அன்னிக்கு உனக்கு லீவு," என்றாள்.

அவன் கீழே கிடந்த ஸ்க்ரூடிரைவரைக் காலால் தள்ளினான்.

"நான் துணி துவைச்சுட்டு இருந்தேன். நேரம் போனதே தெரியல. நீதான் பால்கனியில இருந்து கூப்பிட்டே. அண்ணி, அண்ணன் ரோட்டுல இறங்கிட்டான், சீக்கிரம் வாங்கன்னு. எனக்குக் கை முழுக்க சோப்பு நுரை. நீதான் ரிமோட்டை எடுத்து என் கையில வெச்சே."

பல்பைச் சுற்றி ஒரு பூச்சி முட்டிக்கொண்டிருந்தது.

"அவர் எதிர்ப்பக்கம் நிக்கும்போதுதான் நான் எப்பவும் அழுத்துவேன். அது உனக்குத் தெரியும். அன்னிக்கு அவர் ரோட்டுல இறங்கற வரைக்கும் பாத்துட்டு இருந்துட்டுக் கூப்பிட்டிருக்கே."

தம்பிக்காரன் டின்னை விட்டு எழுந்து வாசலைப் பார்த்தான். மேடம் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். வண்டி நிற்க வேண்டும் என்று மட்டும் நினைத்தவன் அது நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

அவர் போனை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் பேசினார். சுருக்கமாகப் பேசினார். வண்டியை யாரும் தொட வேண்டாம், ஆளும் எங்கேயும் போக வேண்டாம், வந்துகொண்டே இருக்கிறேன் என்று பதில் வந்தது. ஊசி வெளியே போய் வேன்காரரிடம் இன்றைக்கு இரும்பு இல்லை என்று சொல்லி அனுப்பினான். வேன்காரர் ஏன் என்று கேட்டிருக்கிறார். வண்டி சாட்சி சொல்லப் போகிறது என்று ஊசி சொன்னான். அவர் பேய்க்கதையின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு வேகமாகவே கிளம்பிவிட்டார்.

"நான் வெளியில உக்காந்துக்கறேனே," என்றான் தம்பிக்காரன். "எங்கயும் ஓட மாட்டேன். இங்க வேண்டாம், அண்ணி."

அண்ணி வழியை விட்டு விலகி, மேடம் வெளியே போகக் காத்திருந்தாள். மேடம் போனார். எலக்ட்ரீஷியன் வாசலில் நின்று கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்க இருட்டிவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் வழக்கம்போலச் சாத்தியிருந்தது. அந்த நேரம் வந்து, கடந்து போய்க்கொண்டிருந்தது. அவள் ரிமோட்டை வண்டியின் டாங்க் மேல் வைத்தாள். வெளியே வந்தாள். இரும்புக் கதவை இழுத்தாள்.

கதவு மூடும்போது உள்ளே அவன் பேச ஆரம்பித்திருந்தான். மெதுவாக, கெஞ்சுகிற குரலில். அவளிடம் இல்லை.

அவள் தாழ்ப்பாளைத் தள்ளினாள். பூட்டைப் போட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.